பாறையில் மூட்டிய தீ

இன்று மதியம் களி சாப்பிடும்போது பல்லில் மண் நறநறத்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெஸ். கடைக்காரர் பதறிவிட்டார். "நல்லா பொடச்சுதாங்க அரைக்கக் குடுத்தோம்," என்றார். பரவாயில்லை என்றேன். ஆனால் அடுத்த உருண்டையைத் தொட முடியவில்லை. கேழ்வரகில் மண் கிடப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். எனக்கு மட்டும் அது உன் ஊரிலிருந்து வந்தது போலத் தோன்றியது. கை கழுவிவிட்டு அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நீ இதைப் படிக்கப் போவதில்லை. அதனால்தான் எழுத முடிகிறது.

ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் பாப்பாரப்பட்டி. நீ வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தவன். உன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நீதான் என்பதை நீ சொல்லவில்லை. வார்டன் சொன்னார், எல்லோர் முன்னாலும், உன் தோளைத் தட்டி. அன்று நீ சாப்பிட வரவில்லை.

ஊரைப் பற்றி அதிகம் பேச மாட்டாய். களத்தைப் பற்றி மட்டும் பேசுவாய். மேடும் சரிவுமான உன் ஊரில் சமதளம் என்று இருந்தது அந்த ஒரு பாறைதான். கதிரடிப்பது அதில். காயவைப்பது அதில். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று நாள் முறை. முறை தவறினால் எல்லா வீடும் முடிந்த பிறகுதான் மறுபடி கிடைக்கும். அதுவரை கதிர் பனியில் கிடக்க வேண்டும்.

"ஒரே பாறைடா. நூறு பேரு படுக்கலாம்," என்பாய். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் உயரும்.

அந்தத் தையில் உங்கள் வீட்டு முறை பொங்கல் லீவில் வந்தது. "நாலஞ்சு பேரு வாங்கடா. பகல்ல கதிரடிக்கலாம். அங்கியே படுத்துக்கலாம். எங்கம்மா களி கிண்டும்," என்றாய். நான்கைந்து பேர். நீ கேட்டது அவ்வளவுதான்.

நான் மெஸ்ஸில் மூன்று மேசைகளில் சொன்னேன். நூறு பேர் படுக்கலாமாம் என்றேன். என்னுடைய பாறை போலச் சொன்னேன்.

மலைக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்த காலம். ஏற்காட்டில் இடம் கிடைக்காதவர்கள், ஒகேனக்கல் அலுத்துப்போனவர்கள். லீவு விட்டால் தார்ப்பாயும் பாத்திரமுமாக ஏதாவது ஒரு மலையில் ஏறினார்கள். நாம் இருவரும் மதியம் மேலே போய்ச் சேர்ந்தபோது பாறை கண்ணில் படும் முன்பே காதில் பட்டது. இரண்டு டேப் ரிக்கார்டர்கள். இரண்டு வேறு பாட்டுகள்.

அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதி நம் ஹாஸ்டல். மீதியை மாரண்டஹள்ளி குமார் திரட்டி வந்திருந்தான். நம் வகுப்புதான் அவன். அப்பாவுக்குத் தக்காளி மண்டி. மண்டி லாரியில் அடிவாரம் வரை ஏற்றி வந்துவிட்டான். பாறையில் முளை அடிக்க முடியாது. எனவே தார்ப்பாய்க் கயிறுகளுக்குக் கல் வேண்டியிருந்தது. உங்கள் கதிர்ப்போரைச் சுற்றி அடுக்கியிருந்த கல்லை எடுத்திருந்தார்கள். போருக்கு வேலியாக வைத்திருந்த முள் படல் விறகாகியிருந்தது. பாறை மேல் உடைந்த பாட்டில். போருக்குப் பின்னால் ஒன்றுக்கு நாற்றம். சுனைக்குக் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பினார்கள்.

நீ பாறையின் ஓரத்தில் நின்று போரைப் பார்த்தாய். ஒரு வருடத்துச் சாப்பாடு. வேலி இல்லாமல், அறுபது பேருக்கு நடுவில்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டே வந்தார்.

"சாமிங்களா, இருங்க, படுங்க, ஒண்ணுமில்ல. செருப்பு மட்டும் அந்தப் பக்கம் கழட்டி வெச்சிருங்க. தானியம் கொட்டற எடமுங்க. அப்புறம் தீ மட்டும் பாறை மேல வேணாங்க. அந்தால மண்ணு இருக்குது, அங்க மூட்டிக்குங்க."

"ஏன், பாறை பத்திக்குமா?" என்றான் குமார்.

"வெடிக்குமுங்க."

"பாறை என்னா பட்டாசா, பெரியவரே? இல்ல, மலையே உங்க பேர்ல பட்டாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நம் பக்கம் பார்த்தார். நீ குனிந்து, அவிழாத செருப்பு வாரைச் சரி செய்தாய்.

"எங்கப்பாடா," என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சொல்லாத. இப்ப வேணாம்."

சொல்லவில்லை. அவரும் உன்னைக் கூப்பிடவில்லை. புரிந்துகொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். அப்போது நான் நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். மலை மக்கள், அவர்களின் விலக்குகள், சடங்குகள். நோட்டில் குறிப்பெடுத்துக்கொள்வேன். செருப்பைக் கழற்றுங்கள் என்றார். பாறையில் தீ வேண்டாம் என்றார். இரண்டையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். நம்பிக்கை என்று தலைப்பிட்டேன். குமார் அவரைக் கேலி செய்தான். நான் செய்யவில்லை. மரியாதையோடு அவரை நம்பாமல் இருந்தேன்.

பிற்பகல் முழுக்க நீ அலைந்தாய். கேம்புக்கு வந்தவர்களில் ஒருவனைப் போலவே பேசினாய். "டேய், அந்தப் பக்கம் காத்து நல்லா வருதுடா, அங்க போலாம்." யாரும் நகரவில்லை. நான்கு பேர் போரில் சாய்ந்து சீட்டாடினார்கள். கடைசியில் ஒரு பொய் சொன்னாய்.

"போர்ல பாம்பு இருக்குதாம்டா."

அவ்வளவுதான். பத்துப் பேர் குச்சியோடு வந்து போரைக் குத்தத் தொடங்கினார்கள். "எங்கடா, எங்கடா? வால் தெரியுதா?" கதிர் சரிந்து பாறையில் சிதறியது. மிதித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. பாம்பு ஓடிவிட்டது என்று நீயே அறிவித்தாய். குச்சிகளையும் விறகில் போட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. குளிர். காற்று. குமாரின் ஆட்கள் சோறு பொங்க அடுப்பு வைத்தார்கள். உன் அப்பா கைகாட்டிய மண்ணில்தான் வைத்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். கேலி செய்தவன் அவர் பேச்சைக் கேட்டிருந்தான்.

நீ சுனைக்குப் போயிருந்தாய், வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் காய்ந்த புல். காற்று அடிக்கும்போதெல்லாம் பொறி பறந்து புல்லில் விழுந்தது. பயந்துவிட்டேன். அது உண்மையான பயம்.

"டேய், புல்லு பத்திக்கப் போவுது. பாறைக்கு மாத்துங்கடா. அதுல என்னா இருக்குது பத்தறதுக்கு?"

நான்தான் சொன்னேன்.

குமார் தயங்கினான். "அந்தப் பெரியவரு வேணாம்னாரேடா?"

"அது அவங்க நம்பிக்கை," என்றேன்.

"சரி, படிக்கற புள்ள சொல்றான், தூக்குங்கடா."

மூன்று கல்லையும் எரிகிற கட்டைகளையும் பாறைக்குக் கொண்டுபோனார்கள். போரிலிருந்து பத்தடி. உன் அப்பா வீட்டுப் பக்கம் போயிருந்தார். அண்டாவை ஏற்றினார்கள். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அந்த அரை மணி நேரமும் நான் நிம்மதியாக இருந்தேன்.

நீ குடத்தோடு மேட்டில் ஏறி வந்தாய். தீயைப் பார்த்தாய். "டேய், அங்க..." என்று தொடங்கினாய்.

முதலில் அடியில் எங்கோ ஒரு முனகல். பிறகு ஒரு வெடி. அண்டா துள்ளிக் கவிழ்ந்தது. பாறை அப்பளம் போலப் பெயர்ந்து சில்லு சில்லாகப் பறந்தது. ஒரு சில்லு குமாரின் கன்னத்தைக் கிழித்தது. கங்கு முழுவதும் மேலே எழுந்தது. காற்று அதைப் போர் மேல் கொண்டுபோய்க் கொட்டியது.

காய்ந்த கதிர் எரியும் வேகம் எனக்கு அதற்கு முன் தெரியாது.

அறுபது பேரும் பாறையின் மறுகோடிக்கு ஓடினோம். ஆம், நானும். அங்கிருந்து பார்த்தேன். உன் அப்பா எங்கிருந்தோ வந்து போர் மேலேயே ஏறினார். எரியும் கதிரைக் கையால் பிய்த்துப் பிய்த்துக் கீழே எறிந்தார். டேப்பில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

நீ குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாய்.

"அப்பா! எறங்கு! அப்பா, எறங்குப்பா!"

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். பிறகு அவரை. குமார் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். அதன் பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். தார்ப்பாயைப் போரின் மேல் போட்டு அதன் மேலேயே விழுந்தோம். ஊரிலிருந்து குடங்கள் வந்தன. அணைந்தபோது பாதிக்கும் குறைவாக மிஞ்சியிருந்தது. உன் அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்திருந்தன. அவர் கையை நீரில் வைத்துக்கொண்டு, "புள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலயே?" என்று கேட்டார்.

விடிந்ததும் கூட்டம் இறங்கியது. எல்லோரும் இல்லை. பத்துப் பேர் மறுநாளும் இருந்தார்கள். லீவு இன்னும் முடியவில்லை.

ஒரு கட்டில் அளவுக்குப் பாறை பெயர்ந்திருந்தது. அதோடு நிற்கவில்லை என்று பிறகு சொன்னாய். பெருக்கப் பெருக்க ஓரங்கள் உதிர்ந்தன. அடுத்தடுத்த வீட்டு முறையிலும் கேழ்வரகோடு கல் வந்தது. பிரித்தெடுக்க முடியாத சின்னக் கல். புடைத்தாலும் போகாது.

பத்து நாள் கழித்து ஹாஸ்டலுக்கு வந்தாய். டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். "இனிமே எங்கூர் களியில கல்லு இருக்கும்," என்றாய். நான்தான் கேட்டேன், ஊரில் என்ன சொன்னார்கள் என்று.

"பாறையில தீ வெக்கச் சொன்னது யாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கூட்டத்துல யாருன்னு தெரியலன்னேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். அது நான்தான் என்று உனக்குத் தெரியாது என நினைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்று எழுத வந்தேன். மிச்சமிருந்த கல்லூரி நாள் முழுவதும் அதை வைத்துக்கொண்டு உன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தேன். நீ என் சட்டையைப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதப் போனாய்.

இரண்டு வருடம் கழித்து, மறுபடி ஒரு தையில், உனக்குக் காய்ச்சல். ஐந்து நாள் கழித்து நினைவு தப்பியது. கம்பில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி உன்னை அதில் கிடத்தி நான்கு பேர் இறக்கினார்கள். அடிவாரம் வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தபால் அட்டை வந்தபோது காரியமும் முடிந்திருந்தது.

போனேன். உன் அப்பா வீட்டுக்கு முன்னால் மண்ணைச் சாணமிட்டு மெழுகிய சின்ன இடத்தில் கேழ்வரகுக் கதிரைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார். உங்கள் வீடு அந்தத் தீக்குப் பிறகு பாறைக்குப் போவதில்லையாம். உன்னை இறக்கிய கதையைச் சொன்னார். "வழியெல்லாம் கூட்டமுங்க. பொங்கல் லீவு. பையும் பாத்தரமுமா ஏறி வராங்க. தொட்டிலு போவ எடமில்ல. ஓரமா நின்னு நின்னு எறங்குனோம்."

அதனால்தான் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு, தடியை நிறுத்தாமல் சொன்னார். "அன்னைக்குத் தீ வெக்கச் சொன்னது யாருன்னு ஊர்ல கேட்டப்ப தெரியாதுன்னான். எங்கிட்ட மட்டும் சொன்னான், தெரியும்பா, ஆனா சொல்ல மாட்டேன்னு. ஏன்டான்னேன். அவன் தெரியாமதான்பா சொன்னான்னான்."

குமார் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனிடம் நான் சொன்ன பதிலையும் சொல்லியிருப்பான். உங்கள் நம்பிக்கை என்று நான் சொன்னதை.

"நான்தாங்க," என்றேன்.

தடி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் இன்னும் வெளுத்துச் சுருங்கித்தான் இருந்தது. மறுபடி தடியை எடுத்தார். கொஞ்ச நேரம் அடித்தார்.

"எறங்கறப்ப எதுக்க கூட்டம் வரும்," என்றார். "பாத்து போங்க, சாமி."

மன்னித்தாரா என்று தெரியாது. நீ செய்தது மன்னிப்பா என்றும் தெரியாது. நீ சொல்லாமல் வைத்திருந்தாய். இப்போது அது என்னிடம் இருக்கிறது. அதோடு தீயைப் பற்றி உன் அப்பா அன்று சொன்ன ஒரு வாக்கியமும். அவர் சொன்னபோது அதை நான் நோட்டில் எழுதினேன். இப்போது வாயால் சொல்கிறேன்.

போன மாதம் லீவில் மேலே போனேன். ஏழெட்டுக் கூட்டங்கள். சேலத்து மில் ஆட்கள் போலிருந்த சிலர் பாறை மேல் மூன்று கல் வைத்துச் சுள்ளி அடுக்கியிருந்தார்கள்.

"பாறை மேல வேணாங்க," என்றேன். "வெடிக்கும். அந்தால மண்ணு இருக்குது."

"நீங்க யாரு, இந்த ஊரா?"

"இல்ல."

"ஃபாரஸ்ட்டா?"

"இல்ல."

"பின்ன என்னா ஒங்களுக்கு?"

"முன்ன இங்க தீ வெச்சவன்."

சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையில் தீப்பெட்டி இருந்தது. குச்சியை எடுத்துவிட்டான். உரசவும் இல்லை, திரும்ப உள்ளே வைக்கவும் இல்லை. என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே நின்றேன்.