மேட்டடியில் நிறுத்திய மோட்டார்

இன்று தெருவில் ஒரு மோட்டார் வண்டி நின்று புகைவிட்டுப் போனது. எண்ணெய் நாற்றம் அடுக்களைவரை வந்தது. உன் சட்டை நாற்றம், மகனே. அரைப்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

நீயும் என் தம்பியும் கூட்டாக வள்ளியூர்ப் பாதையில் மோட்டார் விட்ட புதிதில், அடுக்களைத் தரையில் கரியால் கணக்குப் போட்டாய். பாரம் ஆறாயிரத்து நானூறு ராத்தல். வேகம் நொடிக்கு இருபத்திரண்டு அடி. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, பாரத்தாலும் பெருக்கி, அறுபத்துநாலால் வகுத்தால் ஓட்டத்தில் சேர்ந்த பலம். அந்த வேகம் பிடிக்க ஆகும் எட்டு நொடிக்கு அதைப் பங்கிட்டு ஐந்நூற்றைம்பதால் வகுக்கச் சொன்னாய். நீ வாய்திறக்குமுன் “பதினோரு குதிரைபலம்” என்றேன். ஐந்தாம் வகுப்புதான், ஆனால் வகுத்தலில் என்னை ஜெயித்தவர் மிஷன் பள்ளியில் கிடையாது.

“நாலே நொடின்னா இருவத்திரெண்டு வேணும்மா, நம்ம இஞ்சினுக்கு இருவதுதான். சமதளத்துல பைய சேர்த்த பலந்தான் மேட்டுல ஏத்தும். அடியில நிறுத்துனா அம்புட்டும் போச்சு.”

கோயில் அசன விருந்துக்கு அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றிய அன்று நானும் சபையாரோடு பின்னால் இருந்தேன். பாரம் அதிகம் என்றாய். “சாமி காரியத்துக்குப் பாரம் பாப்பியாலே?” என்றான் என் தம்பி. காலமெல்லாம் மாட்டுவண்டி விட்டவன். மேட்டடியில் மாட்டுக்கு மூச்சுவாங்க நேரம் கொடுப்பது அவன் பழக்கம். கால்வாய் மேடு வந்ததும், “நிறுத்துலே! இஞ்சின் இளைக்குதுல்லா, இங்கன ஆறட்டும்” என்றான்.

“நிறுத்துனா ஏறாது மாமா.”

“எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தாரியோ?”

சபையார் சிரித்தார்கள். நீ நிறுத்தினாய்.

மறுபடி கிளப்பி ஏறியபோது, பாதி மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. “குதிங்க!” என்று கத்தினாய். நாங்கள் குதித்தோம். நீ மட்டும் வண்டியோடு கால்வாய்க்குள் போனாய்.

இன்றும் என் தம்பி கோயில் வாசலில் நின்று, “பய கணக்கு தப்பிட்டு” என்கிறான். நானும் விடுவதில்லை. அத்தனை பேர் முன்னும் கணக்கை முதலிலிருந்து சொல்லி, “எங்கலே தப்பு? காட்டு” என்பேன். “அக்காவுக்குப் புத்தி பேதலிச்சிட்டு” என்று நகர்ந்துவிடுவான்.

உன் மகளுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நேற்று போட்டு முடித்து என்னைப் பார்த்தாள். “இவ்வளவு தெரிஞ்சும் அப்பா ஏன் ஆச்சி நிறுத்துனாவ?”

சிரித்துவிட்டார்கள் என்பதற்காக என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்?