பெயர் மாற்றிக்கொண்டவர்கள்

குக்கரைத் திறந்ததும் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் ஆவி முகத்தில் அடித்தது. பாப்பாவுக்கு இப்போதுதான் சோறு, கிழங்கு எல்லாம் மசித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். நார் ஏதும் தொண்டையில் சிக்குமோ என்று மசித்ததையே மறுபடி விரலால் அளைந்துகொண்டிருந்தபோது, உன் குரல் கேட்டது போல இருந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் இந்தக் கிழங்கைப் போட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நீ மட்டும் என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொள்வாய்.

"வெள்ளக்காரன் கப்பலுக்கு முன்னாடியே பசிபிக் கடலத் தாண்டுன கிழங்குடி இது. மரியாதையாத் தின்னு."

மூன்றாம் ஆண்டு செமினாரில் பசிபிக் தீவுகளை யாரும் எடுக்கவில்லை. அது நம் தலையில் விழுந்தது. லைப்ரரியில் உட்கார்ந்து நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய். தாகித்தித் தீவில் இரண்டு பேர் நண்பர்களானால் பெயரை மாற்றிக்கொள்வார்களாம். கப்பலில் வந்த மாலுமிகளோடும் அப்படிச் செய்திருக்கிறார்கள். இரும்பு ஆணியைக் கொடுத்துப் பன்றியையும் மரப்பட்டைத் துணியையும் வாங்குவது அன்றோடு முடிகிற வியாபாரம். பெயரைக் கொடுத்துவிட்டால் முடியாது. உன் தாய் எனக்கும் தாய், உன் வீட்டுச் சோறு எனக்கும் சோறு. மாலுமிகளில் பலர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். தீவுக்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நாமும் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தோம். அன்றிலிருந்து நீ என்னை உன் பெயரால் கூப்பிட்டாய், நான் உன்னை என் பெயரால் கூப்பிட்டேன். மெஸ் அக்கா குழம்பிப்போய் இரண்டு பேரையும் "ஏ புள்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாரமே கருமத்தம்பட்டிக்கு என்னைக் கூட்டிப்போய், தறிச் சத்தத்துக்கு நடுவில் உன் அம்மாவின் முன்னால் நிறுத்தினாய்.

"இனிமே இவதாம்மா உம்புள்ள. எம்பேரு இவளுக்குப் போயிருச்சு."

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பச் செரி. நீயி உடுமலப்பேட்டைக்குப் போயி அவிங்க தோப்புல தேங்கா பொறுக்கு. இவ இங்கயே இருக்கட்டும். நீ வா கண்ணு, சாப்புடலாம்." அப்புறம் வீட்டில் இருந்தவரை என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். மாதா கோயில் புனிதை ஒருத்தியின் பெயர். எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கில் வராத பெயர்.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அப்போது நிறைமாதம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் இழவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று என் மாமியார் கதவை ஒட்டியே உட்கார்ந்துகொண்டார். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

பாப்பா பிறந்த பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. உன் பெயரை வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு நான் போய் நின்றால் உன் அம்மா தாங்குவாரா? கதவைச் சாத்திவிட்டால் நான் தாங்குவேனா? இவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை இந்த வீட்டில் பேச ஆளில்லை. வாட்ச்மேனிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் நான் பாப்பாவின் அம்மா, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறிவிட்டேன். ஞாயிறு லீவு, உன் ஊரில் தறி எதுவும் ஓடவில்லை. உன் அம்மா கதவைத் திறந்து, கதவைப் பிடித்தபடி நின்றார். எந்தப் பெயர் வரும் என்று நானும் நின்றேன்.

"வா கண்ணு," என்றார். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட எனக்கு வாய் வர மாட்டீங்குது. கோவிச்சுக்காத."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாப்பாவை வாங்கிக்கொண்டார். "அம்மாயிகிட்ட வா சாமி. உங்கம்மாளுக்கு ஒரு புள்ளையத் தூக்கத் தெரியுதா பாரு. நீயி பயந்து பயந்து ஊட்டுனா அது எப்புடி முழுங்கும்?" அம்மாவைப் பெற்றவளைத்தானே அம்மாயி என்போம். பாப்பா அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். அவள் பிறந்த பிறகு அன்றுதான் நான் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த வாரமும் வந்துரோணும். இது உம்பட ஊடு."

அந்தத் தீவுக்காரர்கள் எதைப் பெரிதாக நினைத்தார்களோ, அதை உன் அம்மா அந்தப் பெயரைச் சொல்லாமலே செய்துவிட்டார். உன்னிடம் கொடுத்த என் பெயர்தான் எனக்குத் திரும்பி வரவில்லை. நீ எடுத்துக்கொண்டு போன அந்தப் பெயரை ஆதார் கார்டில் பார்க்கும்போது வேறு யாருடையதோ போல இருக்கிறது.

திரும்பி வந்து காந்திபுரத்தில் இறங்கினேன். கூட்டத்தில் யாரோ யாரையோ உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாப்பாவைத் தோளில் போட்டபடி, நான்தான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.