கயிறு பிடித்தவன் பங்கு

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி, காற்றே இல்லை. தாம்பரம் பள்ளியில் வேலை பார்த்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், கடல் நம்மள இழுத்துடும்னு சொல்றாங்களே, நாம கடல இழுக்க முடியுமா?" வகுப்பே சிரித்தது. நானும்தான். இன்று இழுத்துவிட்டேன்!

வழக்கம்போல கானத்தூர்க் கரையில் நடை. மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கடலுக்குள். அதன் இரண்டு கயிறுகளும் மணலில், கயிற்றுக்கு ஒரு வரிசை ஆட்கள். இங்கே குடிவந்ததிலிருந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. இன்று வலைக்காரர் எல்லப்பன் கத்தினார்: "இன்னா சார், சும்மா பாத்துக்கினு நிக்கிற? ஒரு கை குடு!"

கொடுத்தேன். எத்தனை வருடம் இழுவிசை பாடம் நடத்தினேன்! உள்ளங்கையில் அது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. அலை வரும்போது இழு, போகும்போது பிடித்து நில். ஊஞ்சல் ஆட்டுவது மாதிரி. நேரம் பார்த்துத் தள்ளினால் விரலே போதும்.

நிறைய நெத்திலி. எல்லப்பன் எனக்கும் ஒரு கூறு ஒதுக்கினார். "ஐயோ, எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க" என்று வந்துவிட்டேன். பெரிய வள்ளல் என்று நினைப்பு.

வாங்க: பால், வலித் தைலம்.

பிப். 3, செவ்வாய்

தோள் கழன்றுவிடும் போல வலி. ஆனாலும் விடிந்ததும் கரைக்கு ஓட்டம். கயிற்றில் கை வைத்தேன். எல்லப்பன் என் கையை எடுத்துவிட்டார்.

"வாணாம் சார். நீ வாக்கிங் போ."

பின்னாலிருந்து ஒரு குரல்: "பிளாட்டு ஆளுக்கு ஜிம்மு கீதே, அங்க போய் இழுக்கட்டும்." ஒரே சிரிப்பு.

வீட்டில் மனைவி கமலாவிடம் சொல்லவில்லை. இட்லி இறங்கவில்லை. இந்த வயதில் ஒரு கயிற்றுக்காக இப்படி ஏங்குவேனா?

மதியம் மீன் கொண்டுவந்த தேசம்மாவிடம், எல்லப்பன் ஏன் விரட்டினார் என்று கேட்டே விட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினாள். "கயிறு தொட்டுட்டா நீயும் வலைக்கு ஒரு ஆளு சார். ஆளு பங்கு வாணாம்னு போனா அடுத்த வலைக்கு ஆவாது. இன்னிக்கு வெறும் பாசிதான் வந்துது. அவங்க மீனையே அவங்களுக்கு தர்மம் பண்றியா நீ?"

மீனை வாங்கிக்கொண்டு, கூடையை அவள் தலைக்குத் தூக்கிவிட்டேன்.

மின் கட்டணம் இன்னும் கட்டவில்லை.

பிப். 4, புதன்

மேகம். நல்ல காற்று. நேராக எல்லப்பன் முன்னால் போய் நின்றேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

"அண்ணா, முந்தாநாள் என் பங்கு எங்க?"

முறைத்தார். "அது அன்னிக்கே கொயம்பாயிடுச்சு சார்."

"அப்போ இன்னிக்கு இழுத்து வாங்கிக்கிறேன்."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார். பிறகு, "செருப்ப அவுத்துட்டு வா. இன்னிக்கும் ஓடிப்போனே, உன்னியத்தான் வலையில கட்டி உடுவேன்!"

இழுத்தோம். வலை கனம்! குட்டிக் குட்டிக் காரப்பொடி மீன், நடுவே சங்கரா துள்ளல். என் கூறைத் துண்டில் முடிந்துகொண்டேன். மீன் தண்ணீர் முழங்கைவரை வடிந்தது. லிஃப்டில் மேல்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தினார். வாய் நிறையச் சிரித்தேன் அவரைப் பார்த்து.

கமலா: "இவ்ளோ பொடி மீனா? யாரு ஆயறது?"

"நான்தான்!"

"மொதல்ல கத்திய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா?"

விரலெல்லாம் செதில். பேனா வழுக்குகிறது.

ஒரு வேலையில் கை வைத்தால், தரும் பங்கை இரண்டு கையாலும் வாங்கிப் பார்.