மழைக்கோட்டில் இருந்த பெயர்

பர்மிங்ஹாம், அலபாமா
மே 12, திங்கட்கிழமை

அன்புத் தோழி லவோனுக்கு,

எர்மா எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் உயிரோடு இருக்கிறோம். இடதுகால் மட்டும் அவ்வப்போது தகராறு செய்கிறது. டெட்ராய்ட்டில் நீயும் உன் மகளும் பேரன்களும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மருத்துவர் சொல்வதைக் கேட்கிறாயா, இல்லை வழக்கம்போல அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வருகிறாயா?

போன வாரம்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ நடுவில் ஒரு "என்னது?" போட்டால் போதும், நான் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவேன். அப்படித்தான் அறுபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். அதனால் கடைசிவரை படித்துவிடு, அப்புறம் திட்டு.

சனிக்கிழமை காலை எங்கள் சபைப் பெண்கள் அந்த நடைப்பயணத்துக்குப் போனோம். நம் ஊரில் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் நடந்த தெருக்களை ஒரு வழிகாட்டி நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவாரே, அதுதான். வெளியூர்க்காரர்கள் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் போவதைப் பேருந்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. இந்த முறை சிஸ்டர் பெர்னீஸ் விடவில்லை. "ஜெயிலுக்கே போனவ நீ, ஒரு பார்க்குக்கு வர்றதுக்கு என்ன பயம்?" என்று ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போது கேட்டுவிட்டாள். அதற்குமேல் எப்படி மறுப்பது?

வழிகாட்டியின் பெயர் ரஷோண்டா. நாற்பது வயது இருக்கும், கணீரென்ற குரல். வார நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று தலையை எண்ணிவிட்டுத்தான் நகர்ந்தாள். பதினாறாம் தெரு சபையின் படிக்கட்டில் தொடங்கி, எதிரே பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். இங்கேதான் தீயணைப்புக் குழாயால் பிள்ளைகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், இங்கேதான் போலீஸ் நாய்களை ஏவினார்கள் என்றாள். நாய் நின்ற இடத்தைப் பத்தடி தள்ளிக் காட்டினாள்.

பூங்காவில் அவளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த 1963 மே மாதம் சிறைக்குப் போன பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளியில் வருகை எடுப்பதுபோல் வாசிக்கிறாள். நேரில் வந்திருப்பவர்கள் "உள்ளேன்" என்கிறார்கள். செத்துப்போனவர்களுக்கும் ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் கூட்டமே சேர்ந்து "உள்ளேன்" சொல்கிறது. என் பெயர் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் நிம்மதியாக ஒரு மர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் வாசித்தாள்: "லவோன் டீஸ்லி, வயது பதிமூன்று."

கூட்டம் வாயைத் திறப்பதற்குள் நான் "உள்ளேன்" என்று சொல்லிவிட்டேன் லவோன்.

எல்லாரும் திரும்பினார்கள். பெர்னீஸ் என் முழங்கையைப் பிடித்து, "ஏண்டி எர்மா, வெயில்ல உன் பேரே மறந்துபோச்சா?" என்றாள். மறக்கவில்லை என்றேன். பிறகு நடுப்பூங்காவில், அத்தனை பேர் முன்னால், உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்.

அந்த வாரம் உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் எல்லாம் வகுப்பைவிட்டு வெளியேறி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். உனக்கு அப்போது பார்த்துப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பூசணிக்காயாக ஜன்னலில் நின்று அழுதாய். திங்கட்கிழமை காலையில் உன் மஞ்சள் மழைக்கோட்டை ஜன்னல் வழியாக நீட்டி, "குழாயால தண்ணியப் பீய்ச்சுறாங்களாம்டி, இதைப் போட்டுக்கோ. எனக்கும் சேத்து நட" என்றாய். நான் நடந்தேன், பிடிபட்டேன். சிறையில் ஒரு பெண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் கேட்டாள். என் அம்மா பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். சிறைக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு வேலை போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. கையில் மடித்து வைத்திருந்த கோட்டின் கழுத்துப் பட்டைக்குள் உன் அம்மா மையால் எழுதிய பெயர் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

வாய் தவறிவிட்டது என்று சொல்லமாட்டேன். தெரிந்தேதான் சொன்னேன். என் அம்மாவின் வேலை தப்பட்டும் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது ஐந்தாறு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்த மாதமே உன் அப்பாவுக்குக் குழாய் வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். சிறைப் பட்டியலை முதலாளிகள் வாங்கிப் பார்த்து அப்பன்மார்களை நீக்குகிறார்கள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். ஜூனில் நீங்கள் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு டெட்ராய்ட்டுக்குக் கிளம்பினீர்கள். காரின் பின்கண்ணாடியில் நீ கையாட்டினாய். நான் கையைத் தூக்கவே இல்லை. உன் குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்தியது நான்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உன் கல்யாணத்துக்கு வராததற்கு என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன், காய்ச்சல் இல்லை. உன் அம்மாவின் அடக்கத்துக்கு முழங்கால் வலி என்றேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தைந்து, முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் கையால் எழுதிய பெயரைத் திருடியவள் அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்படி நிற்பாள்?

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் முதலில் பேசியது பெர்னீஸ்தான். "இதுக்காடி இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே? அதே ஜெயில்ல நான் என் பேரு இங்கிலாந்து ராணின்னு சொன்னேன். என்கிட்ட பேரு கேட்ட ஆளு எழுதிக்கிட்டு வீட்டு விலாசம் கேட்டான்" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. "ராணிக்கு வேலை போகலையே சிஸ்டர். டீஸ்லிக்குப் போச்சே" என்றேன்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்போது தலையைத் தூக்கினார். எல்மோர் கேடிஸ். தொண்ணூறு தாண்டியவர், காதில் மிஷின், பேத்தியோடு வந்திருந்தார். "எந்த டீஸ்லி? ஹார்வி டீஸ்லியா? வார்ப்படத்துல இருந்தவனா?" என்றார். ஆமாம் என்றேன். "யாரும்மா சொன்னா உனக்கு? அவனையும் என்னையும் ஒரே நாள்ல வெளிய அனுப்பினாங்க. ஈஸ்டருக்கு மறுநாள். ஓட்டுக்குப் பேரு பதிய நாங்க ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனோம், அதுக்குத்தான். நீங்க பொடிசுங்க ஜெயிலுக்குப் போனது அதுக்கு மூணு வாரம் கழிச்சு" என்றார்.

அப்படியானால் மே கடைசிவரை உன் அப்பா தினமும் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குப் போனாரே, நானே பார்த்தேனே என்றேன். கேடிஸ் சிரித்தார். "வேலைக்கா போனான்? முடிதிருத்துற கடைக்குப் பின்னாடி என்கூட உக்காந்து காய் நகத்தி ஆடிட்டு இருந்தான். உண்மை தெரிஞ்சா வீட்டுக்காரி பயந்துபோய்ச் சபையில நடக்குற போராட்டக் கூட்டத்துக்குப் போறதை நிறுத்திடுவா, அவ நிறுத்தக் கூடாதுன்னான். அந்தம்மா வெச்ச முட்டை சாண்ட்விச்ல பாதி நான்தான் தின்னேன்" என்றார்.

ரஷோண்டா ஓடிவந்து என்னைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். அழுதேன், சிரித்தேன், பெர்னீஸின் கைக்குட்டையை நாசம் செய்தேன். பிறகு உன் அப்பாமீது கோபம் வந்தது. அந்த மனிதர் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன் கல்யாணத்தில் ஆடியிருப்பேன். பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது. உன் அம்மா பயந்துவிடக் கூடாது என்று அவர் பொய் சொன்னார், என் அம்மாவைக் காப்பாற்ற நான் பொய் சொன்னேன். ஆனால் அவர் அடுத்தவர் பெயரை எடுக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். வேலை போனதற்கு நான் காரணம் இல்லை, சரி. உன் பெயரைச் சொன்னவள் நான்தானே. அதற்கு மன்னிப்பைக் கேடிஸிடமோ பெர்னீஸிடமோ கேட்க முடியாது. உன்னிடம்தான் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அன்றைக்கு மத்தியானம் வறுத்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் இரண்டாள் சாப்பாடு சாப்பிட்டேன். ராத்திரி படுத்ததும் தூங்கிப்போனேன். காலையில் எழுந்து, என்ன இது, நெஞ்சில் ஒன்றுமே இல்லையே என்று கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன்.

ரஷோண்டா பட்டியலைத் திருத்தவா என்று கேட்டாள். உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவதாம். உன்னைக் கேட்காமல் ஒருமுறை உன் பெயரை எழுதவைத்தேன், உன்னைக் கேட்காமல் இன்னொருமுறை அடிக்கவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த ஜன்னலில் நின்றவளும் நடந்தவள்தான் என்பது என் எண்ணம். உன் எண்ணம் எப்படியோ அப்படியே செய்வாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமைக்குப் பேருந்துச் சீட்டு எடுத்துவிட்டேன். விமானத்தில் போகச் சொல்லி என் மகள் சண்டை பிடிக்கிறாள், பிடிக்கட்டும். வரவேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் போனில் சொல்லாதே, வாசலில் வைத்துச் சொல், வாங்கிக்கொள்கிறேன். உன் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கும் இடத்துக்கு ஒருமுறை என்னைக் கூட்டிப்போ. அது போதும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உன் கதவைத் தட்டுவேன். உள்ளேயிருந்தே யாரென்று கேள். இந்த முறை என் சொந்தப் பெயரைச் சொல்வேன்.

உன்
எர்மா ஜீன் ப்ளெட்சோ