கோச் பார்க்க வந்த நாள்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்,
அக்டோபர் 2007

வான்மதி அப்பாவுக்கு,

திரும்பி வரட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அது இருக்கட்டும்.

நேற்று ஒரு காலேஜின் வாலிபால் கோச், வான்மதியைத் தங்கள் டீமுக்குக் கேட்டு நம் வீட்டுக்கே வந்தார். கேசரியும் பஜ்ஜியும் செய்திருந்தேன். அந்த அம்மா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே மார்க் ஷீட்டை ஜாதகம் போலப் புரட்டினார்.

பத்தாவதில் அல்ஜீப்ரா ஃபெயில் என்று பள்ளிக்கூடத்தில் அவளை மூன்று வாரம் ஆடவிடவில்லையே, "இனிமே பந்தத் தொட்டீன்னா பாரு" என்று கத்திவிட்டு நீங்கள் கிளம்பிப் போனீர்களே, அதே அல்ஜீப்ராவை மறுபடி எடுத்து 'ஏ' வாங்கியிருக்கிறாள். காலேஜ் கேட்கிற பதினாறு பாடமும் சரியாக இருக்கிறதாம். முழு ஸ்காலர்ஷிப் என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளோ காலை ஆட்டிக்கொண்டே, "எத்தனை பேர் டிகிரி முடிக்கிறாங்க? அடிபட்டா ஸ்காலர்ஷிப் என்னாகும்?" என்று இங்கிலீஷில் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடைசியில், "யோசிச்சு லெட்டர் போடறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இருபது வருடம் முன்பு என்னைப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜி தின்றுவிட்டு உங்கள் வீட்டார் சொன்னதும் அதேதான்: "ஊருக்குப் போய் லெட்டர் போடறமுங்க." பதினோரு நாள் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு, நானும் யோசித்து லெட்டர் போடுகிறேன்.

உங்கள் மகளின் அம்மா