வெயில் காய்ந்த பலகை

ஏப்ரல் 22, செவ்வாய்

அரசாங்க மின்சாரத்தைத் துறப்பதென்று இன்று காலை முடிவெடுத்தேன். படுக்கை போட்ட என் லோடு வேனின் பேட்டரியை சார்ஜ் செய்ய, வாசலில் சோலார் பலகையை விரித்தேன். மனைவி எஸ்தரின் இன்சுலினை வேனிலுள்ள குட்டி ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். பிறகு வேனை வாசலிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்விட்டேன்.

மாலையில் வந்தால், பலகை ஈரச்சாக்குக்கு அடியில் கிடந்தது. மூடியவர் பக்கத்து வீட்டு மாரியம்மாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து காயவைப்பவர்.

"கறுப்பா எதையோ உச்சிவெயில்ல காயப்போட்டுட்டு, காவலுக்கு ஆளில்லாமப் போயிருக்கீக. தொட்டா அம்புட்டுச் சூடு. படிச்சவுக செய்யிற வேலையா சார் இது?"

நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று இன்னும் விளங்கவில்லை. இரண்டையும் பாதி பாதி சொன்னதாக ஞாபகம்.

இரவு படுக்கப்போகும்போதுதான் பார்த்தேன், ஃபிரிட்ஜ் மத்தியானமே நின்றிருக்கிறது. இன்சுலின் வெதுவெதுப்பாக இருந்தது; இனி அதை நம்பிப் போட முடியாது. வீட்டில் வேறு புட்டி இல்லை. எஸ்தருக்குக் காலை ஊசி ஏழு மணிக்கு. மருந்துக்கடையை இன்றைக்குப் பூட்டிவிட்டார்கள்; நாளை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.