ஜெயித்தவர் கொடுத்துவிட்ட காப்பி

வண்டன்மேடு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நிமிக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் சுகம், உன் கோழிகள் சுகம், மலையிறங்கும் மஞ்சுமூட்டமும் வழக்கம்போல வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடி நடந்து, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாளைக்கு டின்சி லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், அவள் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டு இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா கதவுக்கு அந்தப்பக்கம் நிற்பது எனக்குத் தெரிகிறது, பிறகு வார்த்தை வருவதில்லை. ஈஸ்டர் அன்று நீ இனி அங்கேயே தங்கிவிடப் போகிறேன் என்று சொன்னதும் போனை என் கையில் கொடுத்துவிட்டு ஏலக்காட்டுக்குள் இறங்கிப் போனாரே, அதிலிருந்து உன் பேரைக்கூடச் சொல்வதில்லை, "ஒம் மக" என்கிறார். கோபமாக இருந்தால் பரவாயில்லை, பேசாமல் இருப்பதே அவருக்குப் பழகிப்போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயம்.

சனிக்கிழமை ஃபுட்பால் கப் ஃபைனலை இங்கே மாதா கோவில் பள்ளி ஹாலில் திரை கட்டிப் போட்டார்கள். உன் ஊரின் இரண்டு டீமும் அந்தக் கப்பின் ஃபைனலில் மோதுவது இந்த நூற்றுச் சொச்ச வருஷத்தில் இதுதான் முதல் தடவையாமே, நம் ஆட்களுக்கு இது போதாதா. நம் பங்கின் இளைஞர் சங்கத்து ஜோமோன்தான் எல்லா ஏற்பாடும். ஹாலில் பெண்கள் பக்கம் மாதா சுரூபம் இருக்கிறதல்லவா, மாதாவின் மேலாடை நீலம் என்று சொல்லி நீலச் சட்டை சிட்டிக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சிவப்புச் சட்டை யுனைடெட்காரர்கள் அடுத்த பக்கத்துச் சூசையப்பரின் பழுப்பு அங்கியும் கிட்டத்தட்டச் சிவப்புதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஆண்கள் பக்கம் ஒதுங்கினார்கள். அப்பா என்ன செய்தார் தெரியுமா, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து உன்னோடு சேர்ந்து சிவப்பாகவே இருந்த மனுஷர், எங்கிருந்தோ ஒரு நீலச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து மாதா பக்கம் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜோமோன் வாயைப் பிளந்தான். அவ செவப்புன்னா நான் நீலம், அம்புட்டுதாம்லே, இதுக்கு எதுக்கு முழிக்க என்றார். ஸ்டோரில் அவரோடு ஏலக்காய் காயவைக்கும் ஜின்சன் விடுவாரா. நம் எஸ்டேட் மைதானத்துப் பழக்கம் நீ மறந்திருக்க மாட்டாய், ஜெயித்தவர்கள்தான் முதலில் தோற்றவர்களிடம் போய்ப் பாலில்லாத கட்டன்காப்பி கொடுக்க வேண்டும், அதை வாங்கிக் குடித்த பிறகு யாரும் யாரோடும் முகம் திருப்பக்கூடாது. அதை வைத்து ஜின்சன், அண்ணே, நீலம் ஜெயிச்சா நீங்கதானே மகளுக்குக் கட்டன் கொண்டு போகணும், இங்கிலாந்துக்கு ஜீப்பு ஓடாதே, என்ன பண்ணுவீக என்றார். ஹாலே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல், மைதானத்துப் பழக்கத்த இந்த மிக்கேலு என்னைக்காவது மாத்திருக்கானாலே என்றார். நான் அப்போதே ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டேன் நிமி. உன் சிவப்புக்கு எதிராகத்தான் உருட்டினேன், கோபித்துக்கொள்ளாதே.

அங்கே நல்ல வெயில், புல் பச்சைப்பசேல் என்று கிடந்தது. இங்கே திறந்த ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மிதந்தது, அவர்கள் எல்லோரும் நம் மஞ்சுக்குள்ளேயே ஓடுவது போல இருந்தது. கண்ணை இறுக்கினால் அந்த மைதானத்தின் ஓரத்தில் நம் ஏலச்செடிகள் நிற்கும் என்றுகூடத் தோன்றியது. பந்தை உருட்டியதும் எல்லோரும் உட்கார்ந்து முடிப்பதற்குள் நீலம் கோல் போட்டுவிட்டது. மாதா பக்கம் மொத்தமும் எழுந்து குதித்தது, நீலச் சட்டைக்காரர் மட்டும் எழவில்லை. முன்னால் குனிந்து திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெனால்டியில் சிவப்பு சமன் செய்தபோதும் அப்படியே. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அவர் பந்தைப் பார்க்கவேயில்லை. சிவப்புக் கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் கழுத்து நீளுகிறது, காட்சி மாறியதும் சுருங்குகிறது. இந்த ரெண்டு டீமும் என்றைக்காவது ஃபைனலுக்கு வந்தால் எங்கே நடந்தாலும் போய்விடுவேன் என்று நீ சின்ன வயதில் சொன்னதை நினைத்து, லண்டனுக்கு ரயிலேறிப் போயிருப்பாய் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் நீ ஆஸ்பத்திரி வார்டில் யாருக்கோ மருந்து எடுத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஆயிரக்கணக்கான முகங்களில் அவர் உன்னைத் தேடட்டும் என்று விட்டுவிட்டேன். நீலம் இரண்டாவது கோல் போட்ட பிறகு கடைசிவரை சிவப்பு முட்டி மோதியது, ஜெபமாலை மணி என் விரலில் பதிந்துவிட்டது.

முடிந்ததும் சிவப்புக் கூட்டத்தில் சடைபோட்ட ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவதைக் காட்டினார்கள். ஜின்சன் கைகொடுக்க வந்து ரெண்டாவது கோல் எப்படிண்ணே என்று கேட்டார், அப்பா எது என்றார். வீட்டுக்கு நடக்கும்போது, அந்தப் புள்ள நம்ம நிமியா இருக்குமோ பிலோமி என்று கேட்டார். உன் பேரைச் சொல்லிவிட்டார். நான் இருட்டில் தலையை மட்டும் ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அவரே காப்பிக்கொட்டை வறுத்து, ஏலக்காயும் சுக்கும் சேர்த்து இடித்து, யாரையும் தொடவிடாமல் பொட்டலம் கட்டினார். டின்சிட்ட குடுத்துரு, ஜெயிச்சவன் நான், நாந்தான் குடுக்கணும் என்றார். அந்தப் பொட்டலம்தான் இதோடு வருகிறது. நீ அங்கேயே இருப்பதற்கு அவர் சம்மதித்துவிட்டார் என்று நினைக்காதே, அது வேறு ஆட்டம், அதை நீங்கள் இருவரும் பேசித்தான் முடிக்க வேண்டும். பழைய சிவப்புச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார், இந்த மஞ்சில் எங்கே காய்கிறது, போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்க்கிறார்.

டியூட்டி முடிந்து வந்தால் முதலில் சாப்பிடு, பிறகு தூங்கு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. மேட்சுக்குப் போனாயா என்று கேட்பார், உண்மையைச் சொல், ஆனால் அவர் உன்னைத் தேடியது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. காப்பியில் பால் சேர்க்காமல் கட்டனாகவே குடி. குடித்து முடித்ததும் கூப்பிடு, என் போனுக்கு அல்ல, அவர் போனுக்கு.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா பிலோமி